கையெழுத்திடத் தெரியாதவரின் மகன்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இக்கல்லூரியில் சேர்வதற்காக என் தந்தையுடன் அலுவலக வாயிலில் நின்ற நாள் இன்றும் என் நினைவில் இருக்கிறது. விண்ணப்பத்தில் பெற்றோர் கையொப்பமிட வேண்டிய இடத்தில் அவர் கட்டைவிரலை மையில் ஒற்றிப் பதித்தார். பிறகு விரலில் ஒட்டியிருந்த மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் பார்க்கிறார்களோ என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்படிக் கூசியதற்காகப் பின்னர் பலமுறை வெட்கப்பட்டிருக்கிறேன்.

முதலாண்டில் இயக்க விதிகளைப் பயின்றபோது, அவற்றை வகுத்தவரின் வாழ்க்கையை அறியும் ஆவலில் நம் நூலகத்தில் சில நூல்களை எடுத்துப் படித்தேன். அவற்றில் கண்ட ஒரு செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது. சர் ஐசக் நியூட்டனின் தந்தைக்கும் தம் பெயரை எழுதத் தெரியாது! பத்திரங்களில் கையொப்பத்திற்குப் பதிலாக ஓர் அடையாளக் குறி இடுபவர் அவர். உலகமே போற்றும் அறிவியல் மேதை, கையெழுத்திடத் தெரியாத ஓர் உழவரின் மகன்! அன்று முதல் நியூட்டன் எனக்குப் பாடநூலில் உள்ள ஒரு படமாகத் தோன்றவில்லை. நம் பக்கத்து ஊர்க்காரர் போலத் தோன்றினார். அவர் வாழ்க்கையை என் போன்ற மாணவர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் என்னும் மாவட்டத்தில் ஊல்ஸ்தார்ப் என்பது ஒரு சிற்றூர். அங்கு 1642-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் நியூட்டன் பிறந்தார். இது அந்நாளில் இங்கிலாந்து பின்பற்றிய பழைய நாள்காட்டிக் கணக்கு. இன்றைய கணக்கில் அது 1643 ஜனவரி 4 ஆகும். கலிலியோ மறைந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்று பலரும் எழுதுவதுண்டு. கலிலியோ மறைந்தது புதிய கணக்கில் 1642 ஜனவரி 8. இரண்டு நாள்காட்டிகளையும் கலந்தால்தான் அக்கூற்று பொருந்தும்!

அவர் பிறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். குறைமாதத்தில் பிறந்த அக்குழந்தையை ஒரு சிறு குவளைக்குள் வைத்துவிடலாம் போல இருந்ததாம். குழந்தைக்காகச் சில பொருள்கள் வாங்கிவர அனுப்பப்பட்ட பெண்கள் இருவர், தாங்கள் திரும்புவதற்குள் அது இறந்துவிடும் என்று எண்ணி வழியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். அந்தக் குழந்தை 84 ஆண்டுகள் வாழ்ந்தது!

மூன்று வயதில் இன்னொரு துன்பம் வந்தது. தாய் ஹன்னா, பக்கத்து ஊர்ப் பாதிரியார் ஒருவரை மறுமணம் செய்துகொண்டு, மகனைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனார். அந்தப் பாதிரியார் 1653-இல் இறந்த பிறகே தாய் மூன்று குழந்தைகளுடன் ஊல்ஸ்தார்ப் திரும்பினார். தாய் உயிருடன் இருந்தும் தாயில்லாப் பிள்ளையாக வளர்ந்த அந்த ஏழெட்டு ஆண்டுகள், பிற்காலத்தில் யாரையும் எளிதில் நம்பாத குணத்தை அவருக்குத் தந்தன என்பர்.

பன்னிரண்டு வயதில் கிரந்தம் என்னும் ஊரில் உள்ள பள்ளியில் சேர்ந்தார். மருந்துக்கடைக்காரர் ஒருவர் வீட்டில் தங்கிப் படித்தார். நீர்க் கடிகாரம், சூரியக் கடிகாரம், எலி சுற்றும் சிறு காற்றாலை, விளக்குக் கட்டிய காற்றாடி என்று எதையாவது செய்தவண்ணமே இருப்பார். படிப்பில் முதலில் பின்தங்கியே இருந்தார். தம்மை வயிற்றில் உதைத்த ஒரு மாணவனைச் சண்டையில் வென்ற பிறகு, படிப்பிலும் அவனை வெல்ல வேண்டும் என்று முனைந்து வகுப்பில் முதலிடம் பெற்றாராம்.

1658 செப்டம்பரில் இங்கிலாந்தில் பெரும் புயல் ஒன்று வீசியது. எல்லாரும் வீட்டுக்குள் அடங்கியிருக்க, இந்தச் சிறுவன் வெளியே போய்க் காற்று வீசும் திசையில் ஒருமுறையும் எதிர்த்திசையில் ஒருமுறையும் தாவிக் குதித்தான். இரண்டு தாவல்களின் நீளத்தையும் அளந்து, காற்றில்லாத நாளின் தாவலோடு ஒப்பிட்டுக் காற்றின் விசையைக் கணித்தான். கண்ணுக்குத் தெரியாத விசையை, அது உண்டாக்கும் இயக்கத்தைக் கொண்டு அளக்கலாம் என்ற எண்ணம் அப்போதே அவனுக்கு இருந்திருக்கிறது.

ஆடு மேய்த்த மேதை

இனி நான் சொல்லப்போவது அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் தொட்ட பகுதி.

ஏறத்தாழ 17 வயதில் தாய் அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். நிலத்தையும் ஆடுகளையும் கவனிக்க வீட்டில் ஆள் வேண்டும். மூத்த மகன் படித்து என்ன ஆகப்போகிறது? தாயின் எண்ணத்தில் தவறில்லை. அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக எல்லாரும் அதைத்தான் செய்தார்கள்.

ஆனால் நியூட்டன் உழவுக்கு உதவவில்லை. ஆடுகளை மேயவிட்டு வேலியோரம் புத்தகத்துடன் உட்கார்ந்துவிடுவார். ஆடுகள் அடுத்தவர் நிலத்தில் புகுந்துவிடும். அதற்காக 1659-இல் ஊர் மன்றம் அவருக்கு அபராதம் விதித்த பதிவு இன்றும் உள்ளது. ஒருமுறை குதிரையை நடத்திக்கொண்டு வந்தவர், அது கடிவாளத்தை நழுவவிட்டு ஓடியதும் அறியாமல் வெறும் கடிவாளத்தைப் பிடித்தபடியே வீடு வந்து சேர்ந்தாராம்.

இருவர் குறுக்கிட்டிராவிட்டால் அவர் கதை அத்துடன் முடிந்திருக்கும். ஒருவர் பள்ளித் தலைமையாசிரியர் ஹென்றி ஸ்டோக்ஸ். மற்றவர் கேம்பிரிட்ஜில் படித்தவரான தாய்மாமன் வில்லியம் அய்ஸ்கஃப். வெளியூர் மாணவர்கள் கட்ட வேண்டிய 40 ஷில்லிங் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாகவும், பையனைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துக்கொள்வதாகவும் ஸ்டோக்ஸ் சொன்னார். தாய்மாமனும் தம் சகோதரியிடம் எடுத்துச் சொன்னார். தாய் இசைந்தார். 1660-இல் நியூட்டன் மீண்டும் பள்ளிக்குச் சென்றார்.

என் வகுப்பு நண்பர்களைவிட எனக்கு ஒரு வயது கூடுதல். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டில் தந்தைக்குக் கால் முறிந்தது. ஓராண்டு முழுவதும் நான் எங்கள் மானாவாரி நிலத்தையும் எட்டு ஆடுகளையும் பார்த்துக்கொண்டு ஊரில் இருந்தேன். அந்த வாழ்க்கை எனக்குப் பழகியும் போயிற்று. அடுத்த ஆண்டு, எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியர் வீடு தேடி வந்து விண்ணப்பப் படிவத்தைத் தந்தார். கட்டணத்தையும் முதல் மாதப் பேருந்துச் செலவையும் கொடுத்தவர் என் தாய்மாமன். ஆகவே அய்ஸ்கஃப் என்னும் அந்த ஆங்கிலேயப் பெயரைப் படித்தபோது என் கண்களில் நீர் துளிர்த்ததில் வியப்பில்லை அல்லவா?

கேம்பிரிட்ஜில் பணியாள் மாணவர்

1661 ஜூன் மாதம் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் நியூட்டன் சேர்ந்தார். தாய்க்கு வசதி இருந்தும் மகன் படிப்புக்குத் தாராளமாகச் செலவிடவில்லை. எனவே அவர் சேர்ந்தது பணியாள் மாணவராக. செல்வ மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உணவு பரிமாறுவது, அறைகளைத் துப்புரவு செய்வது, இரவில் பயன்படுத்திய கலங்களைக் கொட்டிக் கழுவுவது போன்ற வேலைகளைச் செய்தே அத்தகைய மாணவர்கள் படிக்க வேண்டும். 1664-இல் கல்லூரியின் உதவித்தொகை கிடைத்த பிறகே அந்நிலை மாறியது. 1665 தொடக்கத்தில் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டில் பிளேக் நோய் பரவியதால் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. 2020-இல் கொரோனாவால் பள்ளி, கல்லூரிகள் மூடப்பட்டதைக் கண்ட நமக்கு அது எத்தகைய காலமாக இருந்திருக்கும் என்று விளங்கும். நியூட்டன் ஊல்ஸ்தார்ப் வீட்டுக்குத் திரும்பினார். 1667-இல் கல்லூரிக்கு நிலையாகத் திரும்பும் வரையிலான காலத்தின் பெரும் பகுதியை அங்கேயே கழித்தார். நுண்கணிதத்தின் அடிப்படை, வெள்ளொளியில் பல நிறங்கள் அடங்கியுள்ளன என்ற உண்மை, ஈர்ப்பைப் பற்றிய முதல் எண்ணங்கள் ஆகிய மூன்றும் அக்காலத்தில் அரும்பின. 1669-இல் தம் 26-ஆம் வயதில் கேம்பிரிட்ஜின் லூகாசியன் கணிதப் பேராசிரியர் ஆனார். தட்டுக் கழுவி எட்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை!

அவர் வகுப்புகளுக்கு வந்த மாணவர்கள் மிகச் சிலரே. யாருமே வராத நாள்களில் வெறும் சுவர்களுக்குப் பாடம் சொல்லிவிட்டுத் திரும்புவாராம். நம் பேராசிரியர்கள் இதைப் படித்துப் புன்னகை செய்வார்கள் என்று நம்புகிறேன்.

நிலவும் விழுகிறது

தோட்டத்தில் ஆப்பிள் விழுவதைக் கண்டு சிந்தித்ததாக நியூட்டனே முதுமையில் நண்பர்களிடம் கூறியிருக்கிறார். ஆனால் அது அவர் தலையில் விழுந்தது என்பது கட்டுக்கதை. மேலும், ஆப்பிள் விழுகிறது என்பது கண்டுபிடிப்பன்று. அது எல்லாருக்கும் தெரியும். நிலவும் அதைப் போலவே விழுந்துகொண்டிருக்கிறதா என்று கேட்டதுதான் அவர் பெருமை.

இக்கணக்கை நம் வகுப்பு மாணவர் எவரும் போட்டுப் பார்க்கலாம். நிலவு பூமியின் மையத்திலிருந்து பூமியின் ஆரத்தைப்போல் 60 மடங்கு தொலைவில் உள்ளது. தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் ஈர்ப்பு குறையுமானால், அங்கே அது 60-இன் இருமடியாகிய 3,600-இல் ஒரு பங்காக இருக்க வேண்டும். இங்கே கையிலிருந்து விடும் கல் முதல் ஒரு நொடியில் 4.9 மீட்டர் விழுகிறது. அதை 3,600-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் வரும். நிலவின் வேகத்தையும் பாதையையும் கொண்டு, அது நேர்கோட்டிலிருந்து ஒரு நொடியில் எவ்வளவு பூமியை நோக்கி விலகுகிறது என்று கணக்கிட்டாலும் அதே 1.4 மில்லிமீட்டர்தான்! இதை நான் தாளில் போட்டு விடை கண்ட இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் வீட்டு முற்றத்தில் விழும் கல்லுக்கும் வானத்து நிலவுக்கும் ஒரே சட்டம்!

நியூட்டன் முதலில் இக்கணக்கைப் போட்டபோது பூமியின் அளவு சரியாகத் தெரியாததால் விடை ஓரளவே பொருந்தியது. அவர் அதை அவசரப்பட்டு வெளியிடவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன.

ஹாலி செய்த உதவி

1684 ஆகஸ்டில் எட்மண்ட் ஹாலி என்ற இளம் வானியலறிஞர் கேம்பிரிட்ஜுக்கு வந்தார். தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் அமைந்த விசையால் ஈர்க்கப்படும் கோள் எந்தப் பாதையில் செல்லும் என்று கேட்டார். நீள்வட்டம் என்று நியூட்டன் உடனே விடை கூறினார். அதற்கான கணக்கைத் தேடியபோது தாள் கிடைக்கவில்லை! மீண்டும் எழுதி அனுப்புவதாக வாக்களித்து, நவம்பரில் அனுப்பியும் வைத்தார். ஆனால் எழுதத் தொடங்கியவரால் நிறுத்த முடியவில்லை. உணவையும் உறக்கத்தையும் மறந்து உழைத்து முடித்த நூல்தான் பிரின்சிப்பியா. 1687-இல் அது வெளிவந்தது.

அதை அச்சிட ராயல் சொசைட்டியிடம் பணமில்லை. அதற்கு முன் வெளியிட்ட மீன்களைப் பற்றிய பெருநூல் ஒன்று விற்காமல் தேங்கிவிட்டது! அச்சுச் செலவை ஹாலியே தம் கைப்பணத்திலிருந்து கொடுத்தார். தாய்மாமனும் தலைமையாசிரியரும் இல்லையேல் நியூட்டன் இல்லை. ஹாலி இல்லையேல் பிரின்சிப்பியா இல்லை.

மூன்று விதிகள்

நான் சிறுவனாக இருந்தபோது, இயங்கிக்கொண்டே இருக்க விசை வேண்டும் என்றுதான் நம்பினேன். மாடு இழுத்தால் வண்டி ஓடும். மாடு நின்றால் வண்டியும் நிற்கும். அரிஸ்டாட்டில் காலம் முதல் அறிஞர்களும் பெரும்பாலும் அவ்வாறே எண்ணினர். கலிலியோ அதை ஐயுற்றார். நியூட்டன் விதியாக வகுத்தார். வெளிவிசை தாக்காத வரை, ஓய்வில் உள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும்; இயங்கும் பொருள் அதே வேகத்தில் நேர்கோட்டில் இயங்கிக்கொண்டே இருக்கும். வண்டி நிற்பது விசை இல்லாததால் அன்று. உராய்வு என்னும் எதிர்விசை இருப்பதால். விசை தேவைப்படுவது இயக்கத்திற்கு அன்று, இயக்கத்தின் மாற்றத்திற்கே.

இரண்டாம் விதி அம்மாற்றத்தை அளக்கிறது. உந்தத்தில் ஏற்படும் மாற்றம் செலுத்தப்படும் விசைக்கு நேர்விகிதத்திலும் அவ்விசையின் திசையிலும் அமையும். விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கினால் வருவது என்று நாம் மனப்பாடம் செய்யும் வடிவம் பிரின்சிப்பியாவில் இல்லை. அவ்வடிவத்தைப் பின்னர் நிலைநாட்டியவர் ஆய்லர். மூன்றாம் விதி, ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்கிறது. கிணற்றில் நீர் இறைக்கும்போது நாம் கயிற்றை இழுக்கிறோம். கயிறும் நம்மை இழுக்கிறது. உள்ளங்கையில் காய்ப்பு ஏறிய நம் தாய்மார்கள் இவ்விதியைப் படிக்காமலே அறிந்தவர்கள்.

ஆற்றலும் ஒரு பெண்மணியும்

நியூட்டனுக்குப் புலப்படாத ஒன்றும் உண்டு. அதுதான் ஆற்றல். உலகில் இயக்கம் மெல்ல மெல்லக் குறைந்து வருகிறது என்றே அவர் கருதினார். வேறொரு அளவு அழியாமல் காக்கப்படுகிறது என்று ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் வாதிட்டார். ஹாலந்து நாட்டு அறிஞர் ஸ்கிராவசாண்டே பித்தளைக் குண்டுகளை மென்களிமண்ணில் விழச் செய்து பார்த்தார். வேகம் இரு மடங்கானால் பள்ளம் நான்கு மடங்கு ஆயிற்று. பேருந்தின் வேகம் இரு மடங்கானால், தடையை அழுத்திய பிறகு அது நிற்க ஏறத்தாழ நான்கு மடங்கு தொலைவு வேண்டும் என்பதும் இதனால்தான்.

இச்சோதனையின் சிறப்பை உணர்ந்து எடுத்துரைத்தவர் பிரெஞ்சுப் பெண்மணி எமிலி து ஷாத்லே. அக்காலத்துப் பிரான்சில் பல்கலைக்கழகம் எதுவும் பெண்களைச் சேர்த்துக்கொள்ளாது. அவர் வீட்டிலேயே கணிதம் கற்றார். பிரின்சிப்பியாவை விளக்கவுரையுடன் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். 1749-இல் மகப்பேற்றை ஒட்டி அவர் இறந்துவிட, நூல் முழுமையாக 1759-இல்தான் வெளிவந்தது. பின்னர் 1807-இல் தாமஸ் யங் ஆற்றல் என்னும் சொல்லை அறிவியற் பொருளில் வழங்கினார். 1840-களில் ஜூல், வெப்பமும் ஆற்றலின் ஒரு வடிவமே என்று அளந்து காட்டினார். ஒரு நியூட்டன் விசை, தன் திசையில் ஒரு பொருளை ஒரு மீட்டர் நகர்த்தச் செய்யும் வேலை ஒரு ஜூல். அந்த ஒரு வரியில் இரு பெயர்களே உள்ளன. எமிலியின் பெயர் இல்லை.

நிலவிலும் களங்கம்

பெரியோரின் குறைகளை மறைப்பது முறையன்று. நியூட்டன் குறை சொல்லப்படுவதைப் பொறுக்கமாட்டார். ராபர்ட் ஹூக்குடன் தீராப் பகை கொண்டார். நுண்கணிதத்தை முதலில் கண்டவர் யார் என்ற வழக்கில், 1712-இல் ராயல் சொசைட்டி அமைத்த குழுவின் அறிக்கையைத் தலைவராக இருந்த அவரே மறைவில் எழுதி, லைப்னிட்ஸுக்கு எதிராகத் தீர்ப்புப் பெற்றார். 1696 முதல் அரசு நாணயச் சாலையில் பணியாற்றினார். 1703-இல் ராயல் சொசைட்டியின் தலைவரானார். 1705-இல் சர் பட்டம் பெற்றார். 1727 மார்ச் 20-ஆம் நாள், பழைய கணக்குப்படி, இயற்கை எய்தினார். அரசர்கள் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், கையெழுத்திடத் தெரியாதவரின் மகன் அடக்கம் செய்யப்பட்டார். 1948 முதல் உலகெங்கும் விசையின் அலகு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நிறைவாக

மனித வாழ்க்கை இயக்க விதிகளுக்குக் கட்டுப்பட்டதன்று என்பதை நான் அறிவேன். எனினும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வாழ்நாள் முழுவதும் நியூட்டனைத் தூக்கிச் சுமக்குமாறு யாரையும் அவர் கேட்கவில்லை. உரிய நேரத்தில் ஒரு முறை இருவர் உந்திவிட்டார்கள்; மீதித் தொலைவை அவரே சென்றார்.

என் தங்கை இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதுகிறாள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. பெண் பிள்ளைக்கு இதுவரை படித்தது போதும் என்ற பேச்சு வீட்டில் எழுந்திருக்கிறது. இதுவரை நான் வாய் திறக்கவில்லை. எனக்காக என் மாமா பேசினார்; அவளுக்காக நான் பேசவில்லை. இக்கட்டுரையை எழுதி முடித்த பிறகும் பேசாதிருந்தால், நியூட்டனைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி? வரும் ஞாயிறன்று ஊருக்குச் செல்கிறேன். என் தந்தையிடம் கேட்கப்போகிறேன். என் விண்ணப்பத்தில் பெருமையுடன் பதித்த அதே விரலை அவள் விண்ணப்பத்திலும் பதியுங்கள் என்று வேண்டப்போகிறேன்.

நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். நம் ஊர்களில் இன்றும் யாரோ ஒரு பிள்ளை, புத்தகத்தை மூடிவிட்டு ஆட்டின் பின்னால் போய்க்கொண்டிருக்கலாம். நம்மை உந்தியவர்களுக்கு நாம் பட்ட கடனை அவர்களிடமே திருப்பித் தர முடியாது. அடுத்தவரை உந்தித்தான் தீர்க்க முடியும். தீர்ப்போம்!